கிளாட்டும் எழுதட்டும், பிளஸ் டூ மார்க்கையும் விட வேண்டாம்

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். அப்பா இல்லை. தங்கை ஊரில் அம்மாவோடு இருந்து அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. இந்த ஜூனில் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். பத்தாவதில் 438 மார்க். சட்டம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். விசாரித்ததில் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு பற்றிச் சொன்னார்கள். சென்னையில் ஒரு கோச்சிங் சென்டரில் ஆன்லைன் வகுப்புக்கு 1,60,000 ரூபாய் கேட்கிறார்கள். முன்பணம் 15,000 கட்டிவிட்டேன், மீதியை அடுத்த மாதம் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். ‘கிளாட் பாஸ் பண்ணாவிட்டால் நல்ல வக்கீல் ஆக முடியாது’ என்று அங்கே சொன்னார்கள். தமிழ் வழியில் படித்தவளால் இது முடியுமா? இந்த வருஷம் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வீட்டில் இருந்து படிக்க வைக்கலாமா? எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மீதிப் பணத்தைக் கட்ட வேண்டாம். கடனும் வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். கட்டிய 15,000 பற்றிக் கடைசியில் வருகிறேன்.

உங்களைப் பயமுறுத்திய அந்த வாக்கியம் உண்மை இல்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில், படித்த கல்லூரியை வைத்து வழக்கறிஞர்களைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த எந்தக் கல்லூரியில் சட்டம் முடித்தாலும் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்யலாம். அப்புறம் அகில இந்திய பார் தேர்வை எழுதித் தேற வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதலாம். அதன்பின் எந்த நீதிமன்றத்திலும் நின்று வாதாடலாம். நான் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பெயர் எடுத்த சீனியர்களில் பலர் மதுரை, திருச்சி, நெல்லை அரசு சட்டக் கல்லூரிகளில் படித்து வந்தவர்கள். அவர்கள் யாரும் கிளாட் எழுதியவர்கள் இல்லை. அந்தத் தேர்வே 2008இல்தான் வந்தது.

அப்படியானால் கிளாட் எதற்கு? பெங்களூரு, ஐதராபாத், கொல்கத்தா, நம் திருச்சி என்று நாடு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவற்றில் சேர இது ஒரே தேர்வு. டெல்லி மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு நடத்துகிறது. இந்தப் பல்கலைக்கழகங்களில் படித்தால் பெரிய சட்ட நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கின்றன. ஆசிரியர்கள், நூலகம், உடன் படிக்கும் பிள்ளைகள், அந்தச் சூழலே வேறு. வசதி இல்லாத வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு அது பெரிய வாய்ப்பு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தங்கை கண்டிப்பாக எழுதட்டும். ஆனால் கிளாட் அவளுக்கு இருக்கும் இரண்டு வழிகளில் ஒன்று. இன்னொரு வழியை உங்களிடம் யாரும் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவள் விஷயத்தில் அதுதான் அதிக உறுதியான வழி.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. 2006இல் கொண்டுவந்த சட்டத்தால் அது நீங்கியது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கின்றன. 69 சதவீத இட ஒதுக்கீடு அங்கே உண்டு. இதற்கு மேல் இன்னொன்று. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வி இடங்களில் 7.5 சதவீதம் தனியாக ஒதுக்கப்படுகிறது. மருத்துவத்துக்கு வந்தது எல்லோருக்கும் தெரியும். சட்டப் படிப்புக்கும் அது உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் தங்கை அதற்கு முழுத் தகுதி உள்ளவள். அவளுடைய பிளஸ் டூ மார்க்தான் இங்கே பேசும்.

இப்போது சிக்கல் எங்கே வருகிறது பாருங்கள். கிளாட் டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கிறது, பிளஸ் டூ பொதுத் தேர்வு மார்ச்சில். ஜூன் முதல் டிசம்பர் வரை பிள்ளையைக் கோச்சிங்கிலேயே முழுதாக இறக்கிவிட்டால், பொருளியலும் கணக்குப்பதிவியலும் பின்னால் போய்விடும். டிசம்பரில் ரேங்க் சரியாக வராவிட்டால் மனமும் உடைந்து, மார்ச் தேர்வும் சரிந்து, இரண்டு பக்கமும் போகும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி இரண்டையும் விட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தங்கையின் அன்றாடத்தில் பள்ளிப் பாடம் முதலிடத்தில் இருக்கட்டும். கிளாட்டுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம், ஞாயிறு பிற்பகல் முழுதாக. இதற்கு மேல் அரையாண்டுத் தேர்வு வரை எதுவும் கேட்காதீர்கள்.

சரி, தமிழ் வழியில் படித்தவளால் முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். நேர்மையாகச் சொன்னால், கடினம்தான். கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. ஆனால் எது கடினம் என்று சரியாகத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். 120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகளோடு பொது அறிவு, சட்டத் திறன், தர்க்கத் திறன், கணிதத் திறன் என்று ஐந்து பகுதிகள். நடப்பு நிகழ்வும் சட்டமும் ஒவ்வொன்றும் கால்வாசி. ஆங்கிலமும் தர்க்கமும் ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு. கணக்கு பத்து சதவீதம். முன்பெல்லாம் தனித்தனிக் கேள்வியாக வரும், மனப்பாடம் செய்துகொண்டு போகலாம். 2020 முதல் முறை மாறிவிட்டது. இப்போது சுமார் 450 சொற்கள் உள்ள ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் கீழே நான்கைந்து கேள்வி கேட்கிறார்கள். மொத்தமாகக் கூட்டினால் இரண்டு மணி நேரத்தில் பத்தாயிரம் சொற்களை ஒட்டிப் படித்து, புரிந்து, பதிலும் குறிக்க வேண்டும்.

ஆக, இந்தத் தேர்வு முதலில் சோதிப்பது வாசிப்பை. சட்ட அறிவை அல்ல, ஆங்கில இலக்கணத்தை அல்ல. ஆங்கிலத்தில் உட்கார்ந்து நிதானமாகவும் வேகமாகவும் வாசிக்கிற பழக்கத்தை. 1,60,000 ரூபாய் வாங்குகிறவர் அந்தப் பழக்கத்தை உங்கள் தங்கைக்குள் வைத்துவிட முடியாது. அவள்தான் தினமும் வாசித்து வளர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளிலும் பலருக்கு நாளிதழின் தலையங்கம் ஒன்றை முழுதாக வாசிக்கும் பழக்கம் கிடையாது. ஆறு மாதம் விடாமல் வாசித்த தமிழ் வழிப் பெண் அவர்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுவாள்.

எப்படி வாசிப்பது? நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு முறை இருக்கிறது. காலையில் தமிழ் நாளிதழில் ஒரு முக்கியச் செய்தியை எடுத்து முழுதாகப் படிக்கட்டும். உதாரணமாக ஆளுநரின் அதிகாரம் பற்றிய ஒரு தீர்ப்பு, அல்லது ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றிய செய்தி. என்ன நடந்தது, யார் யார் சம்பந்தப்பட்டவர்கள், எதற்குச் சண்டை என்று தமிழில் தெளிவாகப் புரிந்துவிடும். அதன்பின் அதே விஷயத்தைப் பற்றி ஆங்கில நாளிதழில் வந்த தலையங்கத்தைப் படிக்கட்டும். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் தெரியாத சொல் வந்தாலும் வாக்கியம் பிடிபடும். அகராதியை நடுவில் திறக்கக் கூடாது. முழுதும் படித்து முடித்த பிறகு, புரியாத ஐந்தாறு சொற்களை மட்டும் பார்க்கட்டும். கடைசியாக, கட்டுரையாளர் என்ன சொல்ல வருகிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார் என்று தன் சொந்த ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதட்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் மாதம் ஒரு தலையங்கத்துக்கே முக்கால் மணி நேரம் ஆகும். அதைப் பார்த்து அவள் சோர்ந்துவிடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி வருவதற்குள் அது பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இதே முறையைத் தீர்ப்புகளுக்கும் செய்யலாம். உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, பணம் கட்டத் தேவையில்லை. தமிழில் ஐந்து பக்கம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் அதே ஐந்து பக்கத்தைப் படிப்பது, சட்ட ஆங்கிலத்தைப் பழக எனக்குத் தெரிந்த நல்ல வழி. வாரம் ஒன்று போதும்.

நடப்பு நிகழ்வுப் பகுதியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கேயும் பத்தி கொடுப்பார்கள், ஆனால் பதில் பத்திக்குள் இருக்காது. பத்தி ஒரு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினால், கேள்வி அது கையெழுத்தான ஊரைக் கேட்கும். ஒரு நோட்டுப் போட்டு, தினமும் படித்ததிலிருந்து பெயர், இடம், தேதி, சட்டத்தின் பெயர் என்று நாலு வரி எழுதிவரட்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது, குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின. இந்த மாதிரி அடிப்படைகள் நுனிவிரலில் இருக்க வேண்டும்.

சட்டத் திறன் பகுதியைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள், ‘சட்டமே படிக்காத பிள்ளை எப்படி எழுதும்’ என்று. ஒரு உதாரணம் சொல்கிறேன், திருப்பூரில் இருக்கும் உங்களுக்கு எளிதில் புரியும்.

பத்தி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான பொருளைத் தன் இடத்தில் கொண்டுவந்து வைத்திருப்பவர், அது வெளியேறிப் பிறருக்குத் தீங்கு செய்தால், தன் மேல் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாவார் என்று 1868இல் இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு வந்தது. ஆனால் வெளியாள் ஒருவர் செய்த செயலால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு இல்லை என்பது போன்ற விலக்குகள் அதில் உண்டு. 1985 டிசம்பரில் டெல்லியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் விஷவாயு விபத்து நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்னது: அபாயகரமான தொழிலை நடத்துகிறவருக்கு இந்த விலக்கு எதுவும் கிடையாது. பத்தி இவ்வளவுதான்.

கேள்வி: ஒரு சாயப்பட்டறையில் குளோரின் சிலிண்டர்கள் வைத்திருக்கிறார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் இரவில் சுவர் ஏறிக் குதித்து வால்வைத் திறந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் மூன்று பேருக்கு மூச்சுத் திணறல். பட்டறை முதலாளி பொறுப்பாவாரா? முதல் விடை: இல்லை, வெளியாள் செய்த வேலை. இரண்டாவது: இல்லை, இரவுக் காவலாளி போட்டிருந்தார். மூன்றாவது: ஆம், அபாயகரமான தொழிலுக்கு விலக்கு செல்லாது. நான்காவது: ஆம், அந்தத் தொழிலாளியை நீக்கியது அநியாயம்.

நம் மனது முதலாவதுக்குப் போகும். ‘யாரோ செய்ததற்கு இவர் என்ன செய்வார், பாவம்’ என்று தோன்றும். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் மனது நான்காவதுக்கும் போகலாம். ஆனால் பத்தி சொன்னபடி பார்த்தால் மூன்றாவதுதான் சரி. அடுத்த கேள்வியில் அதே சம்பவத்தை வைத்துக்கொண்டு, குளோரினுக்குப் பதிலாக ஒரு விவசாயி தன் தோட்டத்தில் கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டி என்று மாற்றிவிடுவார்கள். அங்கே அபாயகரமான தொழில் இல்லை, பழைய விதியும் அதன் விலக்கும் திரும்பி வரும், ஆகவே பதில் தலைகீழாகிவிடும். கவனித்தீர்களா, எங்கேயும் சட்டப் புத்தகம் தேவைப்படவில்லை. சொன்ன விதியைப் பிடித்துக்கொண்டு, தனக்கு நியாயமாகப் படுவதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, புதிய சம்பவத்தில் அதைப் பொருத்திப் பார்க்கும் பொறுமை மட்டும் வேண்டும். இந்தப் பொறுமைதான் நாளைக்குக் கட்சிக்காரர் முன்னால் உட்காரும்போதும் தேவைப்படப் போகிறது. அதனால் இந்தப் பகுதிக்காகப் படிக்கும் எதுவும் வீணாகாது, கிளாட் ரேங்க் எப்படி வந்தாலும்.

கணக்கு பத்து சதவீதம்தான். பத்தாம் வகுப்புக் கணக்கு: விகிதம், சதவீதம், சராசரி, லாப நட்டம். காமர்ஸ் எடுத்த பிள்ளைகள் ‘எனக்குக் கணக்கு வராது’ என்று இந்தப் பன்னிரண்டு மார்க்கை மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாது. ஆங்கிலத்தில் போட்டிபோடும் இடத்தில் ஒரு மார்க் எடுப்பதைவிட, இங்கே ஒரு மார்க் எடுப்பது அவளுக்கு எளிது.

தவறான விடைக்குக் கால் மார்க் குறைப்பார்கள். இதைக் கேட்டுவிட்டுச் சந்தேகமான கேள்வியை எல்லாம் விட்டுவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்து ஒன்று சரியானால்கூட ஒரு மார்க் வந்து முக்கால் மார்க்தான் போகிறது. இரண்டு விடை தவறு என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால், மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறித்துவிட்டு நகர வேண்டும். ஒரே பத்தியில் பத்து நிமிடம் சிக்கிக்கொள்வதுதான் உண்மையான நட்டம்.

பழைய வினாத்தாள்களும் மாதிரித் தாள்களும் தேர்வு நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கன்சார்டியம் (கூட்டமைப்பு) இணையதளத்தில் கிடைக்கின்றன. 120 கேள்வி முறைக்கு மாறிய பிறகு வந்த தாள்களை அச்செடுத்துக் கொடுங்கள். தேர்வு காகிதத்தில்தான், ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். வழக்கமாகப் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை நடக்கிறது. அதனால் ஞாயிறு பிற்பகல் அதே நேரத்தில், போனை அணைத்துவிட்டு, வட்டமும் நிரப்பி, ஒரு தாளை முழுதாக எழுதிப் பழகட்டும். சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வரும் நேரம் அது, உடம்பும் பழக வேண்டும். எழுதியதைவிட, திங்கட்கிழமை உட்கார்ந்து எது ஏன் தவறியது என்று பார்ப்பது முக்கியம். மாக் டெஸ்ட் மட்டும் வேண்டுமானால் சில ஆயிரம் ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு தேவைப்பட்டால் அதை வாங்கிக் கொடுங்கள், அது போதும்.

பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை இந்தத் தேர்வுக்குத் தயார் செய்வதற்கென்றே பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் ‘ஐடியா’ (IDIA) என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் 2019இல் காலமாகிவிட்டார், அவர் தொடங்கியது தொடர்ந்து நடக்கிறது. தாங்களே ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் கொடுத்து, இடம் கிடைத்த பிறகு படிப்புச் செலவுக்கும் கை கொடுக்கிறார்கள். உங்கள் தங்கையைப் போன்றவர்களுக்காகவே தொடங்கியது அது. இந்த வாரமே அவர்களுக்கு எழுதுங்கள். பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருப்பார். நான் முதல்வன் திட்டத்தில் நுழைவுத் தேர்வுகளுக்கு என்ன உதவி இருக்கிறது என்று தங்கை அவரிடம் போய்க் கேட்கட்டும்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். இங்கேதான் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் விழுகிறது. தேர்வை ஒழுங்காக எழுதிவிட்டு ஒரு சான்றிதழ் இல்லாமல் இடத்தை இழப்பவர்கள் உண்டு. கிளாட் விண்ணப்பம் ஜூலை அல்லது ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வரை இருக்கும். கட்டணம் பொதுப்பிரிவுக்கு 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 3,500 என்று இருந்துவருகிறது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் சொந்த மாநிலம் எது, எந்தப் பிரிவு என்று கேட்கும் இடத்தில் அவசரப்படக் கூடாது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் நம் மாநிலத்துக்காரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு என்று சரியாகக் குறித்து, இருப்பிடச் சான்றிதழும் வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். பிரவுசிங் சென்டரில் யாரிடமாவது கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். தங்கையே உட்கார்ந்து நிரப்பட்டும், நீங்கள் போனில் கூட இருங்கள்.

சாதிச் சான்றிதழில் ஒரு நுணுக்கம். மாநில அரசு தரும் பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் நம் மாநிலக் கல்லூரிகளுக்குச் செல்லும். மற்ற மாநிலத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஓ.பி.சி. ஒதுக்கீடு கேட்பதானால், மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் அல்லாதோர் என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும், கடைசி வாரத்தில் ஓடினால் கைக்கு வராது. வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இந்தச் சுற்றிலேயே போட்டுவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்குவதும் இதோடு சேர்ந்தது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும்.

கிளாட்டில் பாஸ், ஃபெயில் என்பது இல்லை. ரேங்க் மட்டும்தான். ரேங்க் வந்ததும் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்ய இருபது, முப்பதாயிரம் முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். கோச்சிங்குக்கு வைத்திருந்த பணத்தில் அதற்கு ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது ஊர் பேரைப் பார்த்து மயங்க வேண்டாம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகிறது, ஐந்தாண்டில் பத்து லட்சம் தாண்டிவிடும். கல்விக் கடன் கிடைக்கும், உதவித்தொகையும் உண்டு. ஆனாலும் பெங்களூரு, ஐதராபாத் போல முன்வரிசையில் இருக்கும் நாலைந்தைத் தவிர்த்துப் பார்த்தால், உங்களுக்குத் திருச்சி எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மாநில ஒதுக்கீடு இருக்கிறது, ஊருக்குப் பக்கம், அம்மா நினைத்தால் காலையில் கிளம்பிப் பார்த்துவிட்டு வரலாம். வடக்கே எங்கோ புதிதாகத் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பத்து லட்சம் கடன் வாங்கிப் போவதைவிட, நம் அரசு சட்டக் கல்லூரியில் கட்டணமே இல்லாமல் படிப்பது மேல்.

மாநில வழிக்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில், மே மாதத்தை ஒட்டி வரும். அதில் ஒரு விஷயத்தை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். சென்னைப் பெருங்குடியில் சட்டப் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியின் ஹானர்ஸ் படிப்புக்கு ஒரு விண்ணப்பம். மதுரை, திருச்சி, கோவை, நெல்லை, காரைக்குடி, இராமநாதபுரம் போன்ற ஊர்களின் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு வேறு விண்ணப்பம். இரண்டும் தனித்தனி அறிவிப்பு, தனித்தனிக் கடைசி நாள். இரண்டையும் போட வேண்டும். ஹானர்ஸுக்குக் கட்-ஆஃப் அதிகமாக இருக்கும், அதற்காகத்தான் பொதுத் தேர்வு மார்க்கை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தால் என்ன குறையும் என்பதையும் மறைக்கக் கூடாது. வளாகத்துக்கு வந்து வேலை தருகிறவர்கள் குறைவு. வகுப்பில் ஆங்கிலம் தானாக வந்துவிடாது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான் என்பதால் அதை அவளே விடாமல் வளர்த்துக்கொள்ள வேண்டும். மறுபக்கம், கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடக்கிறது. தமிழில் தெளிவாக மனு எழுதவும், சாட்சியை நல்ல தமிழில் குறுக்கு விசாரணை செய்யவும் தெரிந்த ஜூனியருக்கு எங்களிடம் எப்போதும் தேவை இருக்கிறது. முதலாண்டிலிருந்தே ஒரு நல்ல சீனியரின் அலுவலகத்துக்கு மாலையில் போய் உட்கார்ந்தால், ஐந்தாண்டு முடியும்போது அவள் பாதி வழக்கறிஞர் ஆகியிருப்பாள். பதிவுக் கட்டணத்தை நினைத்தும் பயப்பட வேண்டாம். முன்பு மாநில பார் கவுன்சில்கள் பத்தாயிரக் கணக்கில் வாங்கிவந்தன. 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 125 ரூபாய்தான் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது.

ஒரு வருஷம் வீட்டில் உட்கார வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கிளாட்டுக்கு வயது வரம்பு இல்லை, அதனால் திரும்ப எழுதச் சட்டப்படி தடை இல்லைதான். ஆனால் கிராமத்தில், பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் பெண்ணைச் சுற்றி என்ன பேச்செல்லாம் எழும் என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் வெளியூரில், அம்மா தனியாக. அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு அவள் ஒரு வருஷம் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அந்த ஜூலையிலேயே சேர்ந்துவிடட்டும். எங்குமே கிடைக்காவிட்டால்கூட, ஏதாவது ஒரு பட்டப் படிப்பில் சேரட்டும். மூன்று வருஷம் கழித்து மூன்றாண்டு எல்.எல்.பி. இருக்கவே இருக்கிறது, தமிழ்நாட்டில் பாதி வழக்கறிஞர்கள் அந்த வழியாக வந்தவர்கள்தாம் என்று சொல்லும் அளவுக்கு அது பழகிய பாதை.

இந்த விடுமுறை முடிவதற்குள் ஒரு நாள் காலை அவளை அறந்தாங்கி நீதிமன்றத்துக்கு அனுப்பிவையுங்கள். திறந்த நீதிமன்றத்தில் யாரும் போய்ப் பின் வரிசையில் உட்காரலாம். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்து, ‘இன்னும் சட்டம்தான்’ என்று அவள் சொன்னால், நீங்கள் தயங்காமல் அவள் பின்னால் நில்லுங்கள்.

இப்போது அந்த 15,000. வகுப்பு இன்னும் தொடங்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. சேர விருப்பமில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவும் என்று இன்றைக்கே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசினால் பதிவு இருக்காது. ரசீது, பணம் அனுப்பிய விவரம், அவர்கள் வாட்ஸ்ஆப்பில் சொன்ன வாக்குறுதிகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். படிப்பை நடுவில் விட்டாலே மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல நேரங்களில் அதிலேயே முடிந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கல்வி நிறுவனத்தின் மேல் நுகர்வோர் வழக்கு நிற்காது என்று அவர்கள் வாதாடலாம். கோச்சிங் சென்டர் அந்தக் கணக்கில் வராது என்று தேசிய ஆணையமே 2020இல் சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணமும் கிடையாது. அந்த மனுவைத் தங்கையையே தமிழில் எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள், நான் திருத்தித் தருகிறேன்.